டெபியன் 12-க்கு மாறியபின் மோடம் தெரிகிறது, நெட் மட்டும் வரவில்லை: திங்க்பேட் டி470, இஎம்7455

ஏலக்காய்_கணக்கு எழுதியது:

வணக்கம். லேப்டாப்புக்குள்ளேயே சிம் போட்டு நெட் எடுக்கிறவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. இருந்தால் இதைக் கொஞ்சம் பாருங்கள்.

மெஷின் திங்க்பேட் டி470, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உள்ளே சியரா வயர்லெஸ் இஎம்7455 கார்டு இருக்கிறது. டெபியன் 11 லினக்ஸில் சிம்மைச் சொருகினேன், ஏபிஎன் (நெட்வொர்க் முகவரி) பெட்டியில் ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம் என்று கொடுத்தேன், அவ்வளவுதான். அதன்பின் அப்படி ஒரு மோடம் உள்ளே இருப்பதே மறந்துபோகும் அளவுக்கு ஒழுங்காக ஓடியது. போன வாரம் டெபியன் 12-க்கு அப்கிரேடு செய்தேன். வைஃபை, பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் வந்துவிட்டன (டோக்கன் வந்ததுதான் எனக்கே ஆச்சரியம்). மோடம் மட்டும் அடம் பிடிக்கிறது.

நான் போடிநாயக்கனூரில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறவள். ஏலக்காய் வியாபாரிகளின் குடோனுக்கே போய், மூட்டைக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, பில்லைப் பார்த்து அங்கேயே 3பி (ஜிஎஸ்டி ரிட்டர்ன்) தாக்கல் செய்துவிட்டு வருவது என் வழக்கம். "போனில் ஹாட்ஸ்பாட் போடுங்களேன்" என்று யாராவது சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: இப்போது அதைத்தான் செய்கிறேன். ஆனால் ஓடிபி வருவதும் அந்தப் போனில்தான், பார்ட்டிகள் கூப்பிடுவதும் அதே போனில்தான். பேசிக்கொண்டே நாலு அடி வெளியே நடந்தால் உள்ளே லேப்டாப்பில் போர்ட்டல் லாகவுட் ஆகிவிடுகிறது.

இதுவரை பார்த்தவை: யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி-யில் 1199:9079 என்ற அடையாள எண்ணோடு கார்டு தெரிகிறது. சிடிசி-எம்பிஐஎம் என்ற மோடம் டிரைவர் ஏறியிருக்கிறது. சிடிசி-டபிள்யூடிஎம்0 என்ற சாதனமும் இருக்கிறது. ரேடியோ தடைகளைக் காட்டும் ஆர்எஃப்கில்லில் எதுவும் பிளாக் ஆகவில்லை. திங்க்பேடின் டபிள்யூவான் (மொபைல் நெட்) சுவிட்சும் திறந்தே இருக்கிறது. ஆனால் மொபைல் பிராட்பேண்டை ஆன் செய்தால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு அணைந்துவிடுகிறது. மோடத்தை நிர்வகிக்கும் மோடம்மேனேஜர் சேவையின் கட்டளைக் கருவியான எம்எம்சிஎல்ஐ-யில் நிலை 'டிசேபிள்டு'. கையால் எனேபிள் கொடுத்தால் 'இன்வேலிட் டிரான்சிஷன்' என்று ஒரு வரி, வேறு விளக்கம் எதுவும் இல்லை. சிம்மைப் போனில் போட்டுப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது.

புது டெபியனில் டிரைவரை மாற்றிவிட்டார்களா? பழைய டிரைவரைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா? 3பி-க்குக் கடைசி நாளான 20-ஆம் தேதி நெருங்குகிறது.

பி.கு. போனில் தமிழ் விசைப்பலகையில் தட்டுகிறேன், கட்டளைகளும் தமிழ் எழுத்திலேயே இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

டக்ஸ்_தம்பி எழுதியது:

அக்கா, டெபியன் 12-இல் கர்னல் (டிரைவர்கள் இருக்கும் லினக்ஸின் மையப் பகுதி) 6.1. 11-இல் இருந்தது 5.10. நடுவில் டபிள்யூவான் பகுதியை நிறைய மாற்றினார்கள், 5.13-இல் தனி சப்சிஸ்டமே வந்தது. அதில் ஏதாவது உடைந்திருக்கும். புதிய பதிப்புகள் கிடைக்கும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து இன்னும் புதிய கர்னல் போட்டுப் பாருங்கள். யுஎஸ்பி-மோட்சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாமல் நிறைய மோடம் வேலை செய்யாது.

பழைய_இரும்பு எழுதியது:

தம்பி, அவசரப்பட்டு கர்னலை மாற்றச் சொல்லாதீர்கள். யுஎஸ்பி-மோட்சுவிட்ச் வேறு கதை. ஹுவாவேய் டாங்கிள் மாதிரியானவை முதலில் சிடி டிரைவ் வேஷத்தில் வரும், அவற்றை மோடமாக மாற்றத்தான் அது. இங்கே கார்டு மோடமாகவே வந்து நிற்கிறது, டிரைவரும் ஏறிவிட்டது.

சகோதரி, இரண்டு விஷயம் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அப்கிரேடு செய்த மெஷின் என்றால் பழைய 5.10 கர்னல் இன்னும் பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' கீழே இருக்கும். அதில் பூட் செய்து, மோடம் எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் தம்பி சொன்னது சரி. எழவில்லை என்றால் கர்னலும் டிரைவரும் இதில் சம்பந்தமே இல்லை, கர்னலுக்கு மேலே ஓடும் மென்பொருளில் தேட வேண்டும். அடுத்து, எம்எம்சிஎல்ஐ மோடத்தின் முழு விவரம் தரும்போது 'ஸ்டேட்' வரிக்குப் பக்கத்தில் 'பவர் ஸ்டேட்' என்று ஒன்று வரும். அதில் என்ன இருக்கிறது? மோடம்மேனேஜரின் பதிப்பு எண்ணும் வேண்டும்.

மலைச்சாரல் எழுதியது:

ஹாட்ஸ்பாட்டே போதுமே மேடம். யுஎஸ்பி கேபிளில் டெதரிங் செய்தால் போனும் சார்ஜ் ஆகும், நடந்து போனாலும்... சரி, கேபிளில் இருந்தால் நடக்க முடியாது. விடுங்கள்.

ஏலக்காய்_கணக்கு எழுதியது:

மலைச்சாரல், உங்கள் நேர்மைக்கு நன்றி :)

அண்ணா, பார்த்துவிட்டேன். 5.10-இல் பூட் செய்தாலும் அதே கதை, அதே 'இன்வேலிட் டிரான்சிஷன்'. பவர் ஸ்டேட் 'லோ' என்று இருக்கிறது. மோடம்மேனேஜர் 1.20.4.

பழைய_இரும்பு எழுதியது:

அப்படியென்றால் உங்கள் டிரைவர் நன்றாக இருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம். வயரிங் எல்லாம் சரி, மெயின் சுவிட்ச் கீழே கிடக்கிறது, விஷயம் அவ்வளவுதான்.

திருச்சியில் ஒரு கம்பெனிக்கு ஃபீல்டு ஆட்களின் லேப்டாப்புகளைப் பராமரிக்கிறேன். எல்லாம் பழைய திங்க்பேட், பாதிக்கு மேல் இந்த 7455 கார்டுதான். டெபியன் 12 வந்தபோது எல்லாவற்றிலும் இதையேதான் பார்த்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் எஃப்சிசி என்று ஓர் ஆணையம், ரேடியோ கருவிகளுக்கு அனுமதி தருவது. மனித உடலுக்கு அருகில் எவ்வளவு கதிர்வீச்சு வரலாம் என்று அவர்களுக்கு ஓர் அளவு உண்டு. மோடம் கார்டுக்கு மட்டும் தனியாக அனுமதி வாங்கினால் போதாது. அந்தக் கார்டு, அந்த லேப்டாப், அதன் மூடிக்குள் ஓடும் ஆன்டெனா, மூன்றும் சேர்ந்துதான் கணக்கு. யாரோ கார்டைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டு ஓட்டிவிடக் கூடாது என்று, கார்டின் ஃபர்ம்வேருக்குள்ளேயே ஒரு பூட்டு வைத்துவிடுகிறார்கள். மோடம் எழும், பெயர் சொல்லும், சிம்மைப் படிக்கும். ரேடியோவை மட்டும் ஆன் செய்யாது. லேப்டாப்பிலிருந்து 'நான்தான், திற' என்று ஒரு கட்டளை போன பிறகே பவர் 'லோ'-விலிருந்து 'ஆன்' ஆகும். விண்டோஸில் லேப்டாப் தயாரிப்பாளர் போட்டுத் தரும் ஒரு சின்ன சேவை இதைப் பின்னால் இருந்து செய்துவிடும், யாருக்கும் தெரியாது. கார்டு போடிக்கு வந்தாலும் ஃபர்ம்வேர் அதேதானே, பூட்டும் கூடவே வருகிறது.

சரி, டெபியன் 11-இல் எப்படி ஓடியது? அதில் இருந்தது மோடம்மேனேஜர் 1.14. அந்தக் காலத்தில் தனக்குத் தெரிந்த கார்டுகளுக்கு மோடம்மேனேஜரே அந்தக் கட்டளையை அனுப்பிவிடும். 1.18.4-இலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். திறப்பதற்கான ஸ்கிரிப்டுகளைக் கூடவே தருவோம், ஆனால் தானாக ஓட்ட மாட்டோம். வேண்டுமானால் பயனர் தன் பொறுப்பில் இயக்கிக்கொள்ளட்டும் என்பது இப்போதைய நிலைப்பாடு. 11-லிருந்து 12-க்குத் தாவியதில் இந்த மாற்றம் உங்கள் தலையில் விழுந்தது. அந்த 'இன்வேலிட் டிரான்சிஷன்' என்பதும் இதுதான். லோ-விலிருந்து ஆன் ஆகச் சொன்னேன், கார்டு நகரவில்லை என்று மோடம்மேனேஜர் சொல்கிறது. இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கலாம், என்ன செய்வது.

செய்ய வேண்டியது:

முதலில் லிப்கியூஎம்ஐ-யூட்டில்ஸ் என்ற பொதியை நிறுவுங்கள். கியூஎம்ஐசிஎல்ஐ என்ற கருவி அதில்தான் இருக்கிறது. முன்பு மோடம்மேனேஜர் உள்ளுக்குள்ளேயே செய்த வேலையை இப்போது வெளியில் இருக்கும் ஸ்கிரிப்ட் செய்கிறது, அந்த ஸ்கிரிப்ட் இந்தக் கருவியைத்தான் கூப்பிடும். கருவி இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் தோற்கும். பல பேர் ஸ்கிரிப்டை எல்லாம் சரியாக இணைத்துவிட்டு இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். லிப்எம்பிஐஎம்-யூட்டில்ஸையும் கூடவே போட்டுக்கொள்ளுங்கள், வேறு கார்டுகளுக்கு அது தேவைப்படும்.

அப்புறம் /யுஎஸ்ஆர்/ஷேர்/மோடம்மேனேஜர்/எஃப்சிசி-அன்லாக்.அவெய்லபிள்.டி என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். உள்ளே கார்டுகளின் அடையாள எண்களையே பெயராகக் கொண்ட ஸ்கிரிப்டுகள் இருக்கும். உங்களுடையது 1199:9079. ரூட்டாக, எல்என் மைனஸ் எஸ் கட்டளையில், /ஈடிசி/மோடம்மேனேஜர்/எஃப்சிசி-அன்லாக்.டி ஃபோல்டருக்குள் அதே பெயரில் அதற்கு ஒரு லிங்க் கொடுங்கள். ஆங்கிலத்தில் தட்டும்போது கவனம்: பாதையில் வரும் மோடம்மேனேஜரில் இரண்டு எம்-மும் பெரிய எழுத்து, மற்றதெல்லாம் சின்னது. எல்லா ஸ்கிரிப்டுகளையும் ஒரே அடியாக லிங்க் செய்யும் கட்டளை இணையத்தில் கிடைக்கும். எனக்கு அது பிடிக்காது. உங்கள் கார்டு எதுவோ அதற்கு மட்டும் போதும். நகல் எடுத்து வைக்கவும் வேண்டாம், லிங்க்தான் நல்லது. பின்னால் ஸ்கிரிப்ட் திருத்தப்பட்டால் தானாக வந்து சேரும்.

மோடம்மேனேஜர் சேவையை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி எனேபிள் கொடுங்கள்.

லிங்க் கொடுக்கும் முன்பே இதுதான் நோயா என்று உறுதி செய்ய வேண்டுமானால், கியூஎம்ஐசிஎல்ஐ-யிடம் சிடிசி-டபிள்யூடிஎம்0-ஐக் காட்டி, டிஎம்எஸ்-செட்-எஃப்சிசி-ஆதென்டிகேஷன் கொடுங்கள். பிராக்ஸி வழியாகப் போக மைனஸ் பி சேர்க்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் மோடம்மேனேஜரும் நீங்களும் ஒரே வாசலில் இடித்துக்கொள்வீர்கள். அது வெற்றி என்று சொல்லி, அதன்பின் எனேபிள் ஆனால் நோய் இதுவேதான். ஆனால் மெஷினை அணைத்துப் போட்டால் பூட்டு திரும்ப விழும், அதனால் நிரந்தரத் தீர்வு ஸ்கிரிப்ட்தான்.

டக்ஸ்_தம்பி எழுதியது:

அண்ணே, இது தெரியாது. ஆனால் ஒரு சந்தேகம். ஸ்கிரிப்டைக் கையில் கொடுத்துவிட்டு ஓட்ட மாட்டேன் என்பது என்ன நியாயம்? யாராக இருந்தாலும் லிங்க் கொடுக்கத்தானே போகிறார்கள்?

பழைய_இரும்பு எழுதியது:

கேள்வி நியாயம்தான். ஆனால் அவர்கள் பக்கமும் இருந்து பாருங்கள். அந்தக் கார்டு எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, ஆன்டெனா என்ன என்பது மோடம்மேனேஜருக்குத் தெரியாது. அனுமதி கொடுத்தது கூட்டாக மூன்றுக்கும். தெரியாத ஒன்றுக்கு உலகம் முழுக்க இருக்கும் மெஷின்களில் தானாகக் கையெழுத்துப் போடுவதை நிறுத்தியிருக்கிறார்கள். லேப்டாப் தயாரிப்பாளர்களே தங்கள் மாடலுக்கு ஸ்கிரிப்ட் தரட்டும் என்று அதற்கும் தனி ஃபோல்டர் ஒதுக்கியிருக்கிறார்கள். புதிய திங்க்பேட்களுக்கு லெனோவோவே லினக்ஸில் ஓடும் அன்லாக் நிரல் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அதன் முக்கியமான பகுதி மூலநிரல் இல்லாமல் பைனரியாகத்தான் வருகிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, ஆனால் டி470 வயதுக்காரர்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஒரு கட்டளையில் முடிந்துவிடும்.

என் மனத்தாங்கல் வேறு. அப்கிரேடு செய்கிற ஆளுக்குத் திரையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். 'ரேடியோ பூட்டியிருக்கிறது, இந்த ஃபோல்டரைப் பார்' என்று. சொல்லாததால் எல்லோரும் டிரைவரைத் தேடிப் போகிறார்கள்.

ஏலக்காய்_கணக்கு எழுதியது:

அண்ணா, நெட் வந்துவிட்டது! கியூஎம்ஐசிஎல்ஐ என் மெஷினில் இல்லவே இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டிலேயே அதை இறக்கி, லிங்க் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்ததும் பவர் ஸ்டேட் 'ஆன்', நிலை 'ரெஜிஸ்டர்டு', ஏர்டெல் பெயர் வந்து நின்றது. பழைய கனெக்‌ஷனையே அழுத்தினேன், ஏறிவிட்டது. இந்தப் பதிவையே அதில்தான் போடுகிறேன். ஆனாலும் தமிழ் எழுத்திலேயே தொடர்கிறேன், பழகிவிட்டது.

இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, மூடியை மூடித் திறந்தால் மோடம் கொஞ்ச நேரம் காணாமல் போய்த் திரும்ப வருகிறது. சில சமயம் நானாக மொபைல் பிராட்பேண்டை ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டியிருக்கிறது. பேட்டரியை மிச்சப்படுத்த டிஎல்பி என்ற நிரல் போட்டிருக்கிறேன், அதனாலா? இரண்டு, அதே சிம் போனில் இருக்கும்போது இதைவிட நல்ல வேகம். டெபியன் 11-இலும் அப்படித்தான், அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பழைய_இரும்பு எழுதியது:

மூடி விஷயம்: சஸ்பெண்டில் கார்டுக்கு மின்சாரம் போய்த் திரும்பும்போது அது புதிதாகப் பிறந்த மாதிரி எழும், பூட்டும் விழுந்திருக்கும். மோடம்மேனேஜர் மறுபடி கண்டுபிடித்து, ஸ்கிரிப்டை ஓட்டி, பதிவு செய்து முடிக்க நேரம் ஆகும். அதுவரை பொறுமை. திரும்ப வரவே இல்லை என்றால் டிஎல்பி அமைப்புக் கோப்பில் யுஎஸ்பி-எக்ஸ்குளூட்-டபிள்யூவான் என்று ஒரு வரி இருக்கும் (ஆங்கிலத்தில் எல்லாம் பெரிய எழுத்து, நடுவில் அடிக்கோடு). அதை 1 ஆக்குங்கள். யுஎஸ்பி தூக்கத்திலிருந்து மோடத்துக்கு மட்டும் விலக்கு.

வேகம்: அது உங்கள் கார்டின் பிறவிக்குணம். இஎம்7455 அமெரிக்கா, ஐரோப்பாவை மனதில் வைத்துச் செய்தது. எல்டிஇ கேட்டகிரி 6, காகிதத்தில் 300 எம்பிபிஎஸ். ஆனால் அதில் பேண்ட் (அலைவரிசை) 40 கிடையாது, பேண்ட் 28-உம் கிடையாது. நம் ஊரில் ஏர்டெல், ஜியோ இரண்டுமே 2300 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 40-ஐக் கொள்ளளவுக்கு நம்பியிருக்கின்றன. உங்கள் போன் அதில் போகும், லேப்டாப் போகாது. 1800 பேண்ட் 3, 2100 பேண்ட் 1, 850 பேண்ட் 5 ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அதில் நிற்கும். ரிட்டர்ன் போட இது தாராளம்.

குடோனுக்குள் சிக்னல் எப்படி என்று பார்க்க எம்எம்சிஎல்ஐ-யில் சிக்னல்-செட்டப் 5 கொடுத்து, பிறகு சிக்னல்-கெட் கேளுங்கள். ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் வலிமை) மைனஸ் 85 பக்கம் என்றால் அருமை, மைனஸ் 110-க்கும் கீழே போனால் ஸ்டூலை வாசல் பக்கம் நகர்த்துங்கள்.

வேகம் வேண்டியே தீரும் என்றால் இதே குடும்பத்தில் ஆசிய-பசிபிக் பகுதிக்கான இஎம்7430 இருக்கிறது, 28-உம் 40-உம் அதில் உண்டு. ஆனால் கார்டு மாற்றும் முன் இரண்டு எச்சரிக்கை. லெனோவோவின் டி430 காலத்து மெஷின்களில் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் 1802 பிழை காட்டி மெஷின் பூட் ஆகவே ஆகாது; புதியவற்றிலும் உங்கள் மாடலுக்கு என்ன நிலை என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். மோடம் இல்லாமல் விற்ற பெட்டிகளில் பல சமயம் ஆன்டெனா வயரே ஓட்டியிருக்க மாட்டார்கள். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்குக் கேட்டால் மாற்ற வேண்டாம் என்பேன்.

கடலோரன் எழுதியது:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். என்ர எக்ஸ்270-இலயும் இதே 1199:9079 தான், இதே பிரச்சினை. அண்ணை சொன்ன மாதிரி லிங்க் குடுத்தன், டயலொக் சிம் உடன வேலை செய்யுது. 1800-இல தான் நிக்குது. நன்றி.

தம்பியின்ர லேப்டொப்பில ஃபைபோகொம் எல்850-ஜிஎல் இருக்கு. எல்எஸ்யுஎஸ்பி-இல ஒண்டும் காட்டேல்ல, எல்எஸ்பிசிஐ-இல மட்டும் 8086:7360 எண்டு வருது. அதுக்கும் இதே வழி தானோ?

பழைய_இரும்பு எழுதியது:

இல்லை தம்பி, அது முற்றிலும் வேறு ஜாதி. யுஎஸ்பி-யில் வராமல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக வருகிற இன்டெல் மோடம் அது. சிடிசி-எம்பிஐஎம் அதைத் தொடாது, ஐஓஎஸ்எம் என்ற டிரைவர் பக்கம் போக வேண்டும். அங்கேதான் நிஜமாகவே டிரைவர் பிரச்சினை. எல்எஸ்பிசிஐ மைனஸ் என்என்கே விவரம், கர்னல் பதிப்பு, மோடம்மேனேஜர் பதிப்பு மூன்றையும் போட்டுத் தனித் திரி தொடங்குங்கள், அங்கே பார்ப்போம். இரண்டையும் ஒரே திரியில் கலந்தால் நாளைக்குத் தேடி வருகிறவர் குழம்பிவிடுவார்.

ஏலக்காய்_கணக்கு எழுதியது:

டிஎல்பி வரியை மாற்றினேன், மூடியைத் திறந்தபின் தானாகவே வந்து சேருகிறது. குடோனில் மைனஸ் 103, வாசலில் மைனஸ் 91. கார்டை மாற்றப் போவதில்லை. தலைப்பில் 'தீர்ந்தது' என்று சேர்க்க எனக்கு வழி தெரியவில்லை, யாராவது மட்டுறுத்துநர் சேர்த்துவிடுங்கள்.